ஏழாயிரம் அடி

பத்து காஜாவில் எங்கள் பழைய தோட்டத்து வீட்டு வாசலில் நின்றால் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர் தெரியும். காலையில் நீலமாக இருக்கும். மழைக்கு முன்னால் கறுத்துவிடும். மழை விட்டதும் இரண்டு அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம் போல கிட்டே வந்து நிற்கும். பாட்டி தன் ஆயுசு முழுக்க அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தார். துணி காயப்போடலாமா வேண்டாமா என்பதை மலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆனால் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. நான் முதன்முதலாக மலையேறப் போகிறேன் என்று சொன்னபோது, "அங்க என்னா இருக்குன்னு போற? ஏதும் காணாம போச்சா?" என்று கேட்டார்.

அப்போது சிரித்துவிட்டேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரியப் பல வருஷம் ஆனது.

மலேசியாவில் மலையேறுபவர்களிடம் 'ஜி7' என்று சொன்னால் உலகத் தலைவர்கள் யாரும் நினைவுக்கு வரமாட்டார்கள். தீபகற்பத்தில் 7000 அடிக்கு மேல் உயரமுள்ள ஏழு மலைகளுக்கு அதுதான் பெயர். தாகான், கோர்பு, யோங் பெலார், காயோங், சாமா, யோங் யாப், உலு செப்பாட். இதில் 2183 மீட்டர் உயரமுள்ள கோர்புதான் தித்திவங்சாவின் உச்சம். ஈப்போவுக்கு அடுத்துள்ள உலு கிந்தாவிலிருந்து ஏறலாம். இன்னும் தெம்புள்ளவர்கள் கேமரன் மலைப் பக்கம் தொடங்கி, யோங் பெலார், காயோங், கோர்பு மூன்றையும் முகட்டு வழியாகவே கடந்து உலு கிந்தாவில் வந்து இறங்குவார்கள். பல நாள் நடை. முதுகில் அரிசி, கூடாரம், மாற்றுத்துணி எல்லாம் சுமக்கவேண்டும். வனத்துறை அனுமதியும் மாலிம் குனோங் என்று அழைக்கப்படும் வழிகாட்டியும் வேண்டும்.

நான் கோர்பு மட்டும் ஏறியிருக்கிறேன். எங்கள் மாலிம் ஒரு தெமியார். வேர்களும் பாசியும் மூங்கிலும் அட்டைகளுமாக இருந்த பாதையில் நாங்கள் நாய்போல் மூச்சு வாங்கிக்கொண்டு போக, அவர் ரப்பர் செருப்பில் கடைக்குப் போகிறவர் மாதிரி நடந்தார். இரவு முகாமில் கோப்பி குடிக்கும்போது மலாயில் என்னிடம் சொன்னார்: "என் தாத்தா காலத்தில் உங்கள் ஆட்களைக் காட்டுக்குள் பார்த்ததே இல்லை. காட்டு ஓரத்தில்தான் பார்த்திருக்கிறார்கள்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் இந்த மலையடிவாரத்தில் இருந்திருக்கிறோம். ஏன் ஓரத்திலேயே நின்றோம்?

*

முதலில் அந்தப் பாதை யாருடையது என்று பார்க்கவேண்டும்.

பேராக் பக்கத்து மலைகளில் தெமியார், செமாய் மக்கள் ஆற்றோரமாகவும் முகடுகள் வழியாகவும் நடந்த தடங்கள்தான் மூலப் பாதைகள். காட்டுப்பொருளைக் கீழே கொண்டு வந்து உப்பும் இரும்பும் வாங்கிப் போவதற்கும், மலைக்கு அந்தப்பக்கம் இருந்த உறவினரைப் பார்ப்பதற்கும் நடந்த தடங்கள். 19ஆம் நூற்றாண்டில் அடிமை பிடிக்க வந்தவர்களிடமிருந்து தப்பி மேலே ஏறியதும் இதே தடங்களில்தான். 'சக்காய்' என்ற சொல்லை எங்கள் தோட்டத்தில் எல்லாரும் சாதாரணமாகப் புழங்குவார்கள். அந்தச் சொல்லில் அடிமை என்ற வாடை இருப்பது அந்த மாலிமைச் சந்தித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பேர் வைத்தவன் மேலே, பேர் வாங்கியவன் கீழே. நம்மையும் ஒரு பேர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் நாம் இன்னொருவருக்கு அதையே செய்தோம்.

1885இல் பேராக் பகாங் எல்லையை வரைபடமாக்க அனுப்பப்பட்ட வில்லியம் கேமரன், மலைகளுக்கு நடுவே மென்சரிவான ஒரு மேட்டுநிலத்தைப் பார்த்ததாக அறிக்கை கொடுத்தார். அவரோடு போன குலோப் ரியாவின் பெயர் சில புத்தகங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுமை தூக்கியவர்களின் பெயர்கள் அதிலும் இல்லை. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ அங்கே ஓய்வுத்தலமும் விளைநிலமும் வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப்பாதை வெட்டப்பட்டது. அத்தோடு சரி. தைப்பிங் அருங்காட்சியகத்தின் லியோனார்ட் ரே போன்றவர்கள் செடிகொடிகளைச் சேகரிக்கப் பத்தாங் பாடாங் மலைகளில் ஏறி எழுதிவைத்த குறிப்புகள் இருக்கின்றன. மற்றபடி நாற்பது வருஷம் மலை மலையாகவே இருந்தது.

1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்கே போய்ப் பார்த்து மலைவாழிடம் அமைக்கலாம் என்றார். அடுத்த வருஷம் தாப்பாவிலிருந்து சாலைப்பணி தொடங்கியது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மலாய் மாநிலங்களின் மராமத்து இலாகாவிலும் ரயில்வேயிலும் கல்லுடைத்து மண் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியர்கள். தேயிலைக்குன்றுகளில் இன்றும் மாரியம்மன் கோயில்களும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. ஆக, நாம் மலைக்குப் போகவே இல்லை என்று சொல்லமுடியாது. கூப்பிட்டபோது போனோம். கூலிக்குப் போனோம். மலையேறுதல் என்ற சொல்லில் அது சேராது. அவ்வளவுதான்.

*

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கோர்புவிலிருந்து இறங்கிய வாரம், கால் வீக்கத்தோடு படுத்திருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். "உங்க நிரையில எத்தன மரம் இருந்துச்சி?"

"முந்நூத்தம்பது. கூடக் கொறையா இருக்கும்."

"மரத்துக்கு மரம் எவ்ளோ தூரம்?"

அப்பா கையை விரித்துக் காட்டினார். பிறகு எழுந்து கூடத்தில் நடந்தே காட்டினார். ஏழெட்டு எட்டு. சுமார் இருபது அடி என்று வைத்துக்கொள்ளலாம். முந்நூற்றைம்பதை இருபதால் பெருக்கினால் 7000 அடி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜி7 மலைகளின் அளவு. அதாவது மூன்று நாள் பாடுபட்டு நான் செங்குத்தாக அடைந்த உயரத்தை, அப்பா தினமும் காலையில் படுக்கைவாட்டில் நடந்திருக்கிறார். அதுவும் ஒருமுறை இல்லை. வெட்டிக்கொண்டு ஒரு சுற்று, பால் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று. நாலேகால் கிலோமீட்டர். வீட்டிலிருந்து நிரைக்கும், நிரையிலிருந்து ஸ்டோருக்கும் காண்டா வாளியைச் சுமந்து நடந்த தூரம் தனி. அதை விட்டுவிட்டு, வருஷத்துக்கு 300 நாள் என்று முப்பது வருஷத்துக்குக் கணக்கிட்டால் 38,000 கிலோமீட்டரைத் தாண்டும். பூமத்தியரேகையைச் சுற்றி வர இன்னும் 2000 கிலோமீட்டர்கூட பாக்கியில்லை.

ரப்பர் மரம் வெட்டிய ஒவ்வொருவரும் ஏறக்குறைய உலகத்தைச் சுற்றியவர்தான். ஒரே காட்டுக்குள், ஒரே வட்டத்தில்.

அந்த வட்டம் தானாக உண்டானதில்லை. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த டிப்போக்களிலிருந்து கப்பலேறி, பினாங்கில் இறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் கிடந்து, கங்காணியின் பின்னால் தோட்டத்துக்கு வந்தவர்கள். 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் வருகையையே நிறுத்தியது. ஆனால் தோட்டத்தின் எல்லை அப்படியே இருந்தது. லயம், பெரட்டுக்களம், நிரை, ஸ்டோர், கள்ளுக்கடை, கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு. எல்லாம் உள்ளேயே. வெளியே போக ஒரு காரணம் வேண்டும். காரணம் சொல்லக் கிராணியிடம் நிற்கவேண்டும். எல்லைக் கல்லுக்கு அப்பால் காடு. அதற்குள் நமக்கு என்ன வேலை?

*

வேலை இருந்தவர்களும் உண்டு. அவர்கள் மலையேறியது உடம்பு இளைப்பதற்காக இல்லை.

ஜப்பானியர் காலத்தில் தித்திவங்சா ஒரு நெடும்பாதையாகவே இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் 1942இல் இந்த மலைத்தொடரைக் குறுக்காகக் கடக்க 12 நாள் எடுத்துக்கொண்டார். 1949இல் அவர் வெளியிட்ட நூலில் அந்த நடையின் நரகத்தை விவரித்திருக்கிறார். 1943இல் நீர்மூழ்கிக் கப்பலில் பேராக் கரைக்கு வந்த 136ஆம் படையினர் பீடோருக்கு மேலே மலைக்காட்டில் முகாம் அமைத்தார்கள். அந்தப் படையைச் சேர்ந்த லிம் போ செங் மலையிலிருந்து ஊருக்கு இறங்கி வந்து, 1944 மார்ச்சில் கோப்பெங்கில் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பின் ஜூன் 29ஆம் தேதி இறந்தார். இறந்த இடம் எங்கள் பத்து காஜா சிறைச்சாலை. சிங்கப்பூரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பத்து காஜாவில் அந்தச் சிறையைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போன எனக்கு இருபத்தைந்து வயதுவரை இந்த விஷயம் தெரியாது.

பாட்டிக்கு லிம் போ செங்கைத் தெரியாது. ஆனால் 1948ஐத் தெரியும். அந்த வருஷம் ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட, இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டதை வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. தோட்டத்து லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து முள்கம்பி போட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

பாட்டி சொன்னது இது: "விடியக்காலம் கேட்டுல நிக்க வச்சி தடவிப் பாப்பானுங்க. பொம்பளைங்கள பொம்பளைங்களே தடவுவாங்க. சோத்த கட்டிக்கிட்டுப் போவ முடியாது. கம்னிஸ்காரனுக்குக் குடுத்துருவமாம். வெறும் வயித்தோட மரம் வெட்டுவோம். பதினோரு மணிக்கு மலையப் பாத்தா கண்ணு இருட்டும்."

மலையைப் பார்த்தால் கண் இருட்டும். பசியைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது ஒரு தலைமுறையின் நிலவியல் பாடமாகப் படுகிறது. மலை என்றால் கம்யூனிஸ்ட். காடு என்றால் துப்பாக்கி. எல்லையைத் தாண்டினால் யார் சுடுவார்கள் என்றே தெரியாது. கம்பிக்குள் இருந்தால் உயிர். பத்து காஜாவில் 'கடவுளின் சிறு ஏக்கர்' என்று அழைக்கப்படும் கல்லறைத்தோட்டம் இருக்கிறது. அவசரகாலத்தில் செத்த தோட்ட நிர்வாகிகள், போலீஸ்காரர்கள், சிப்பாய்களின் கல்லறைகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் அங்கே அஞ்சலி நடக்கும். நல்லதுதான். இருபது வயது சிப்பாயின் கல்லறை முன்னால் நின்றால் யாருக்கும் மனசு கனக்கும். ஆனால் கேட்டில் வெறும் வயிற்றோடு நின்றவர்களுக்குக் கல் எதுவும் இல்லை. மலைக்குள்ளிருந்து கீழே கொண்டுவரப்பட்டு, சமவெளி முகாம்களின் வெக்கையிலும் நோயிலும் செத்துப்போன ஒராங் அஸ்லி மக்களுக்கும் அங்கே கல் இல்லை.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. கம்யூனிஸ்டுகளோடு இறுதி உடன்பாடு கையெழுத்தானது 1989 டிசம்பரில். பயத்துக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது. கம்பியை எடுத்த பிறகும் பாட்டி எல்லைக் கல்லைத் தாண்டவில்லை. அப்பாவைத் தாண்டவிடவில்லை. அப்பா என்னைத் தடுக்கவில்லை, ஆனால் நான் மலைக்குப் போகும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்துகொள்வார்.

மாலிமின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். நாம் ஓரத்தில் நின்றது சோம்பலாலோ ரசனை இல்லாததாலோ இல்லை. ஓரத்தில் நிற்கும்படி நிறுத்தப்பட்டோம்.

*

நடக்கும் உரிமை என்பது எல்லா ஊரிலும் சண்டை போட்டு வாங்கியதுதான். இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24ஆம் தேதி, மான்செஸ்டர் பகுதியின் தொழிலாளர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். அது பணக்காரர்களின் வேட்டைநிலம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 33 வருஷம் கழித்து, அதே ஏப்ரல் 24ஆம் தேதி, பென்னைன் வே என்ற நெடும்பாதை திறக்கப்பட்டது. ஆலையில் ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாவது நாள் மலை வேண்டியிருந்தது. கேட்டான். வாங்கினான்.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் இலங்கையில் இருக்கிறது. கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ டிரெயில், 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. தேயிலை ஏற்றிச் சென்ற பழைய பாதைகளை இணைத்து உருவாக்கியது. அட்டன், அப்புத்தளை, எல்ல என்று அழகான ஊர்கள் வழியே வெளிநாட்டவர்கள் நடக்கிறார்கள். அந்தப் பாதையில் சிலருக்குக் கடைவைக்க, தங்க இடம் கொடுக்க வழி பிறந்திருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதே நாட்டில் இன்னொரு நெடும்பாதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் காப்பித்தோட்டங்களுக்காக வந்த தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். மலையக மக்கள் வந்து 200 வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை ஒரு கூட்டம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தது. 16 நாள், சுமார் 250 கிலோமீட்டர். அந்தப் பாதையில் காட்சி முனைகள் இல்லை. வெயில்தான். அவர்கள் காணி, வீடு, சமமான குடியுரிமை என்று கேட்டுக்கொண்டே நடந்தார்கள்.

ஒரே தீவு. இரண்டு நெடும்பாதைகள். ஒன்றில் நடப்பவன் அழகைப் பார்க்கிறான். மற்றொன்றில் நடந்தவன் அந்த அழகு யார் காலால் உண்டானது என்று கேட்கிறான். இரண்டையும் சேர்த்து நடக்கத் தெரிந்த நாளில்தான் பாதை முழுசாகும் என்று நினைக்கிறேன்.

*

பத்து காஜாவில் அப்படி ஒரு பாதை கிடையாது. சுற்றுலாப்பயணிகள் கெல்லி கோட்டைக்கு வருகிறார்கள். 1915இல் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத்தொடங்கி, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததோடு பாதியில் நின்ற மாளிகை. மதராஸிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிகள் கட்டியது. அவர்களில் பலர் காய்ச்சலில் சாக, மிச்சமிருந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார் என்பார்கள். கோயில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அதன் கூரைச் சிலைகளுக்கு நடுவே துரையும் நிற்கிறார். கோட்டையில் பேய் தேடுபவர்களில் பத்தில் ஒருவர்கூட கோயில்வரை நடப்பதில்லை.

பாட்டி இறந்து மூன்றாவது வருஷம், அப்பாவை அழைத்துக்கொண்டு பழைய தோட்டத்தை நடந்து பார்த்தேன். ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. லயம் இருந்த இடத்தில் பாதி வீடமைப்புப் பகுதி. அப்பா கையிலிருந்த குடையால் தரையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். "இங்கதான் பெரட்டு. இது ஸ்டோரு. இந்தப் பள்ளத்துல வாளியோட வுழுந்து, பால் பூரா கொட்டிப்போச்சி, அன்னிக்கு சம்பளம் இல்ல." நிரை இருந்த இடத்தில் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். மரங்கள் இல்லாத இடத்திலும் அவர் கால் வளைந்து வளைந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிப் போகிறார்.

கடைசியில் எல்லைக் கல்லுக்கு வந்தோம். புதரில் சாய்ந்து கிடந்தது. கிழக்கே மலை. அப்பா கல்லைத் தாண்டி நாலு எட்டு வைத்தார். திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மலையேறும்போது வழியைப் பதிவுசெய்யும் செயலியைக் கைப்பேசியில் ஓடவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நிறுத்தியபோது 6.3 கிலோமீட்டர் காட்டியது. பாதைக்குப் பெயர் கேட்டது. தோட்டத்தின் பழைய பெயரை எழுதினேன். அடுத்து, பாதை சுலபமா, மிதமா, கடினமா என்று கேட்டது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார்.

"சுலபம்னு போடு. காலையில நாலு மணிக்கு எழும்பணும்னு மட்டும் சேத்து எழுது."

அப்படியே எழுதினேன். இதுவரை இரண்டு பேர் அந்தப் பாதையில் நடந்திருப்பதாகச் செயலி சொல்கிறது. யாரென்று தெரியவில்லை. பத்து காஜா பக்கம் வந்தால் நீங்களும் நடந்து பாருங்கள். மலை நன்றாகத் தெரியும்.